புல்லட் 350 கார்புரேட்டர்: கழற்றி, பிரித்து, மறுபடி பூட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350-களில் இன்று அதிகம் காணக்கிடைப்பது மிக்கார்ப் விஎம் 24 கார்புரேட்டர். ஜப்பானிய மிக்குனியின் வடிவமைப்பில் இந்தியாவில் செய்தது. 24 என்பது காற்று போகும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். ஆக்சிலேட்டரைத் திருகினால் கேபிள் நேராக ஸ்லைடை, அதாவது காற்றுத் துளையைத் திறந்து மூடும் உருளையை, தூக்கும். நடுவில் வேறு இயந்திரம் எதுவும் கிடையாது. ரப்பர் டயாபிராம் வைத்த வாக்குவம் கார்புரேட்டர்கள் பிற்கால யுசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) எஞ்சின் வண்டிகளில் வந்தவை. அவற்றைத் திறக்கும் முறை வேறு, இங்கே சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது.

வண்டி மக்கர் செய்தால் "கார்புரேட்டரையே மாத்திடலாம்" என்பதுதான் பட்டறைகளில் முதலில் கேட்கும் வார்த்தை. பெரும்பாலான நேரம் அது தேவையே இல்லை. இந்தக் கார்புரேட்டரில் தேய்வது நீடில் (ஸ்லைடில் தொங்கும் கூம்பு ஊசி), நீடில் ஜெட் (அந்த ஊசி ஓடும் பித்தளைக் குழல்), ஃப்ளோட் வால்வு (மிதவை உயர்ந்ததும் பெட்ரோலை நிறுத்துவது), ஸ்லைடு, சில ரப்பர் வளையங்கள், அவ்வளவுதான். பாடி உடையாமல், வளையாமல், மரை போகாமல் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். மலிவு நகல்களில் ஜெட்டின் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டு) மேல் ஓர் எண் இருக்கும், துளை வேறு அளவில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு டியூனிங் செய்ய உட்கார்ந்தால் நாள் முழுக்க ஓடிவிடும், பலன் கிடைக்காது.

திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கார்புரேட்டர் கடைசியாகத் தொட வேண்டிய பாகம். பாயின்ட் (பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை) இடைவெளி சரியில்லாத வண்டியும் கார்புரேட்டர் அடைத்த வண்டியும் ஒரே மாதிரி இருமும். அதனால் முதலில் இவற்றை ஒழுங்கு செய்யுங்கள்.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டாப்பெட்டை (வால்வு இடைவெளியை) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே நிற்கையில் பாருங்கள்: புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஏர் ஃபில்டர் சுத்தமா, சைலன்சர் பென்ட் பைப் சிலிண்டர் ஹெட்டில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பென்ட் பைப் வாயில் காற்று கசிந்தாலே ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கும். அதற்குக் கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது பெட்ரோல் வரத்து. குழாயைக் கார்புரேட்டர் பக்கம் உருவி, பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். வேகமாக ஓட்டும்போது லிட்டருக்கு 25 கி.மீ. கொடுக்கும் வண்டி, மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 60 மில்லி குடிக்கும். பாட்டிலில் நிமிடத்துக்கு 200 மில்லிக்குக் குறையாமல் விழுந்தால் கவலையில்லை. முதலில் நன்றாக விழுந்து, போகப் போக மெலிந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே வேகம் கூடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. திறந்தும் மெலிந்தே வந்தால் டேப்பின் சல்லடையில் துரு. டேங்கில் துரு இருக்கும்போது கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் ஒரு வாரம் தாங்குவதே பெரிது.

கருவிகளும் பாகங்களும்

ஸ்க்ரூக்களில்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். மிக்குனி வகைக் கார்புரேட்டரின் நட்சத்திர ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதற்குள் முழுதாக இறங்காது. அழுத்தித் திருகும்போது தானே எகிறி வெளியே வரும், ஸ்க்ரூவின் தலையும் மழுங்கும். இரண்டாம் எண் ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மற்ற ஜப்பானிய வண்டிகளுக்கும் உதவும்.

ஆக்சிலேட்டரைத் தொடாதபோது பெட்ரோல் கொடுக்கும் ஸ்லோ ஜெட்டுக்கென்று தனியாக மெல்லிய தட்டைத் திருப்புளி வேண்டும். அந்த ஜெட் ஓர் ஒடுங்கிய குழிக்குள் இருக்கிறது. திருப்புளியின் முனை ஜெட்டின் வெட்டை முழு அகலத்துக்கும் நிரப்ப வேண்டும், தண்டு குழியின் சுவரில் உரசக்கூடாது. சரியான திருப்புளி இல்லையென்றால் பழையது ஒன்றைச் சாணை பிடித்து அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இவை தவிர வெர்னியர் காலிப்பர், கார்ப் கிளீனர் ஸ்ப்ரே ஒரு டப்பா, மண்ணெண்ணெய் அரை லிட்டர், காற்றுக்குக் கம்ப்ரஸர், கண்ணாடித் துண்டு ஒன்று, 400-ஆம் எண் வாட்டர் எமரித்தாள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கார்ப் கிளீனர் கண்ணில் தெறித்தால் நெருப்புப் பட்டது போல எரியும், அது எந்தத் துளை வழியாகத் திரும்பி அடிக்கும் என்று சொல்ல முடியாது.

பாகங்களில் பவுல் (அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) கேஸ்கெட், ஃப்ளோட் வால்வும் அதன் இருக்கையும், ஏர் ஸ்க்ரூ (ஐடிலிங்குக்கான காற்றைச் சரிசெய்வது) ஓ-ரிங், எஞ்சின் பக்க ஓ-ரிங் அல்லது ரப்பர் அடாப்டர், பெட்ரோல் குழாய் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு புதிதாகப் போடலாம். நீடிலும் நீடில் ஜெட்டும் எப்போதும் ஜோடியாகத்தான். ஸ்லோ ஜெட், மெயின் ஜெட் (முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோலை அளப்பது) இரண்டிலும் அச்சடித்த எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணில் வாங்குங்கள். மிக்குனி எண்ணும் கெய்ஹின் (இன்னொரு ஜப்பானிய கார்புரேட்டர் நிறுவனம்) எண்ணும் வெவ்வேறு கணக்கு. 100 என்று இரண்டிலும் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

வண்டியிலிருந்து இறக்குதல்

வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். பக்கத்தில் பீடி, சாமி விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் வேண்டாம். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். டேப்பை மூடி, குழாயை உருவி, பவுலில் இருக்கும் பெட்ரோலை வெள்ளைக் கிண்ணத்தில் வடியுங்கள். இந்தக் கிண்ணமே ஒரு சோதனை. அடியில் செம்பழுப்புத் தூள் என்றால் டேங்க் துரு. உருண்டு ஓடும் தெளிந்த குமிழ்கள் என்றால் தண்ணீர். பச்சைநிறப் பிசின் என்றால் பித்தளை அரிப்பு, உள்ளே ஜெட்கள் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

மேல்மூடி வளையத்தைக் கையால் திருகிக் கழற்றினால் கேபிளோடு ஸ்பிரிங், ஸ்லைடு, நீடில் எல்லாம் ஒன்றாக மேலே வரும். நீடில் எதிலும் இடிபடாமல் நேராக உருவுங்கள். ஸ்லைடில் ஒரு பக்கம் மட்டும் அடிவிளிம்பு வளைவாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்த்திருந்ததைக் கண்ணால் உறுதி செய்துகொள்ளுங்கள், பூட்டும்போது தேவைப்படும். அதன்பின் ஏர் ஃபில்டர் பக்க ரப்பர் கிளாம்ப், எஞ்சின் பக்க கிளாம்ப் அல்லது ஃபிளேஞ்ச் (எஞ்சினோடு சேரும் தட்டை விளிம்பு) நட்டுகள், இந்த வரிசையில் தளர்த்தி இறக்குங்கள். இன்டேக் துளையில் சுத்தமான துணியைச் செருகி மூடிவிடுங்கள். அதற்குள் ஒரு வாஷர் விழுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதாகிவிடும்.

பிரித்தல்

பிரிப்பதற்கு முன் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். வெளியே ஒட்டிய மண் உள்ளே போகக்கூடாது.

முதலில் ஏர் ஸ்க்ரூ. அதைக் கழற்றாமல், உள்பக்கமாக மெதுவாகத் திருகிக்கொண்டே போய் எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரைச் சுற்றுக்கு அருகில் இருந்தால் இயல்பு. விரல் நுனியில் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். ஸ்க்ரூவின் கூர்முனையை இருக்கையில் இறுக்கினால் முனையில் வளையம் விழும், துளையும் அகன்றுவிடும். அதன்பின் அந்த வண்டியில் ஐடிலிங் ஒருபோதும் நிலையாக நிற்காது. எண்ணிய பிறகு ஸ்க்ரூ, ஸ்பிரிங், ஓ-ரிங் எல்லாவற்றையும் எடுங்கள். ஓ-ரிங் பெரும்பாலும் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஐடிலிங் ஸ்க்ரூவையும் அதேபோல எண்ணி எடுங்கள். சோக் பிளஞ்சரைக் கழற்றுங்கள். இனி கார்புரேட்டரைத் தலைகீழாக்கி பவுலின் நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு வரிசையில் தளர்த்துங்கள். பவுல் ஒட்டியிருந்தால் திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அந்த ஒரு கீறல் போதும், பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும். திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுவரும்.

பவுலை எடுத்தவுடன், எதையும் அசைக்காமல், ஃப்ளோட்டின் உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். கேஸ்கெட் உட்காரும் தளத்திலிருந்து ஃப்ளோட்டின் மேல்விளிம்பு வரை, வெர்னியரால். புதிய வால்வு போட்டபின் ஒப்பிட இந்த எண் வேண்டும். பின்பு ஃப்ளோட் பின்னைத் தள்ளுங்கள். பின் தாங்கும் இரு தூண்களும் மெல்லிய வார்ப்பு, சுத்தியல் பட்டால் ஒடியும், ஒடிந்தால் பாடியே குப்பைக்கு. பின் வரவில்லை என்றால் ஒரு மணி நேரம் கார்ப் கிளீனரில் ஊறவைத்து, தூணுக்குப் பின்னால் கட்டையால் தாங்கிக்கொண்டு மெல்லத் தட்டுங்கள்.

அடுத்து மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், வால்வு இருக்கை. இருக்கைக்குக் கீழே ஒரு வாஷர் இருக்கும். அதன் தடிமன் மாறினால் பெட்ரோல் மட்டமும் மாறும், பத்திரம். நீடில் ஜெட் மட்டும் கீழ்ப்பக்கமாக வராது. மெயின் ஜெட்டை அதில் இரண்டு மூன்று மரைக்கு மறுபடி திருகி, மரக்கைப்பிடியால் தட்டினால் மேலே, ஸ்லைடு ஓடும் துளைக்குள் எழும்பி வரும். அதன் பக்கத்தில் ஒரு வெட்டும், பாடியில் அதற்குப் பொருந்தும் சிறு முளையும் இருக்கும். அந்த நிலையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எது தேய்ந்திருக்கிறது

நல்ல வெளிச்சமும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் இந்தப் பகுதியில் நிதானமாக உட்காருங்கள். கார்புரேட்டர் வேலையில் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

நீடிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல உருட்டுங்கள். கூம்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகவோ, பட்டையாகவோ இருந்தால் அது நீடில் ஜெட்டில் உரசிய தடம். இப்போது நீடில் ஜெட்டை எடுத்து மேல் வாயைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவில் நீண்டிருக்கும். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் நீடில் பல ஆயிரம் கிலோமீட்டர் இதில் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இந்த இடைவெளி கூடினால் கால் முதல் அரை ஆக்சிலேட்டர் வரை பெட்ரோல் அதிகம் போகும்: பிளக் கருக்கும், மைலேஜ் சரியும், நகரத்துக்குள் வண்டி மந்தமாகும். மெயின் ஜெட்டை எத்தனை மாற்றினாலும் இது தீராது. மைலேஜ் குறைகிறது என்று வரும் பழைய புல்லட்களில் சந்தேகிக்க வேண்டிய முதல் இடம் இந்த ஜோடி.

ஸ்லைடை வெற்று பாடிக்குள் விட்டு, மூடிய நிலையில் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு இருக்கலாம். டக் டக்கென்று சத்தம் கேட்கும் அளவுக்கு ஆடினால், எஞ்சின் இழுக்கும்போது ஸ்லைடின் ஓரமாகக் காற்று புகும். அந்த வண்டியில் ஐடிலிங் ஒரு நாள் சரியாக நிற்கும், ஒரு நாள் நிற்காது. முதலில் புது ஸ்லைடு போட்டுப் பாருங்கள். அதிலும் ஆடினால் பாடியின் துளையே தேய்ந்துவிட்டது, அப்போதுதான் கார்புரேட்டரை மாற்றும் பேச்சு எழலாம். ஸ்லைடில் அச்சடித்த எண் வெட்டின் உயரத்தைக் குறிப்பது. எண் கூடினால் காற்று கூடும். அதே எண்ணையே வாங்குங்கள்.

ஃப்ளோட் வால்வின் கூம்பு முனையை நகத்தால் தடவுங்கள். வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் தூக்கி எறியுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. பித்தளை ஃப்ளோட் என்றால் வெந்நீரில் அமுக்கினால் குமிழ் வரும் இடம் தெரியும், ஈயம் வைக்கலாம். அதற்கு முன் உள்ளே உள்ள பெட்ரோல் முழுதும் ஆவியாகிப் போயிருக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் புதிதுதான்.

ஃபிளேஞ்ச் வைத்த பாடி என்றால் அந்த முகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. காற்று கசிகிறதென்று ஆளாளுக்கு நட்டுகளை இறுக்கியதால் இரு காதுகளும் எஞ்சின் பக்கம் வளைந்து, நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். கண்ணாடியின் மேல் 400 எமரித்தாளை விரித்து, தண்ணீர் விட்டு, எட்டு வடிவில் தேயுங்கள். முகம் முழுதும் ஒரே சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்தலாம். ஓ-ரிங் பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்தல்

ரப்பர், ஃப்ளோட், கேஸ்கெட் எதுவும் பாடியில் இல்லை என்று உறுதி செய்தபின் கார்ப் கிளீனரை அடியுங்கள். பிசின் கெட்டியாக இருந்தால் அரை மணி நேரம் ஊறட்டும். அல்ட்ராசோனிக் தொட்டி கிடைத்தால் 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு 15 நிமிடம் போதும். அதன்பின் நல்ல தண்ணீரில் அலசி, உடனே காற்றடித்து உலர்த்த வேண்டும்.

புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் வேண்டாம். பித்தளை விளக்குக்குப் பளபளப்புத் தரும் அதே அமிலம், ஜெட்டின் துளையை அரிக்கும், அலாய் பாடியைக் கறுப்பாக்கும். ஜெட்டுக்குள் ஊசி, எஃகுக் கம்பி எதையும் விடாதீர்கள். எண் அச்சடித்த துளையில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த எண் பொய்யாகிவிடும். மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை பாதுகாப்பானது. அடைப்பு அதற்கும் அசையவில்லை என்றால் புது ஜெட் வாங்குங்கள், விலை அதிகமில்லை.

துளைகள் திறந்திருக்கின்றனவா என்பதை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஸ்லோ ஜெட் இருந்த குழியில் கிளீனரின் குழாயை வைத்து அடித்தால் மூன்று இடங்களில் வெளியே வர வேண்டும்: ஏர் ஸ்க்ரூ துளை, ஏர் ஃபில்டர் பக்க வாயில் இருக்கும் சிறு காற்றுத் துளை, ஸ்லைடு உட்காரும் இடத்தில் துளையின் தரையில் இருக்கும் இரண்டு பொடித் துளைகள். அந்த இரண்டில் ஒன்று ஐடிலிங்குக்கு, இன்னொன்று ஆக்சிலேட்டரைத் தொட்டவுடன் வேலைக்கு வருவது. இரண்டாவது மட்டும் அடைத்திருந்தால் ஐடிலிங் அழகாக நிற்கும், ஆக்சிலேட்டரைத் தொட்டதும் எஞ்சின் ஆஃப் ஆகும். பவுலின் ஒரு மூலையில் சோக்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் சிறிய துளை ஒன்று இருக்கும். அதை மறந்தால் வெயிலில் வண்டி ஓடும், மார்கழிக் காலையில் கிக்கரை மிதித்துக் கால்தான் வலிக்கும்.

பூட்டுதல்

நீடில் ஜெட்டை மேலிருந்து இறக்கி, வெட்டை முளைக்குப் பொருத்தி, மெயின் ஜெட்டைத் திருகினால் இழுத்துக்கொண்டு தானே உட்காரும். ஜெட்கள் பித்தளை, பாடி மென்மையான அலாய். திருப்புளியை இரு விரலால் பிடித்து எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு போதும். வால்வு இருக்கைக்குக் கீழே வாஷரை மறக்காதீர்கள்.

ஃப்ளோட் மட்டம் பார்க்கும்போது, பாடியைத் தலைகீழாகப் பிடித்து, வால்வின் ஸ்பிரிங் முள் அமுங்காமல் ஃப்ளோட்டின் நாக்கு அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை மெல்லச் சாயுங்கள். அந்த நிலையில் முன்பு குறித்த உயரத்தையும், உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவையும் ஒப்பிடுங்கள். இரட்டை ஃப்ளோட் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத் திருத்துங்கள். வளைக்கும்போது வால்வின் மேல் அழுத்தம் விழக்கூடாது. தலைகீழாக அளக்கும்போது உயரம் கூடினால் பவுலில் பெட்ரோல் குறையும், உயரம் குறைந்தால் பெட்ரோல் கூடும். பலர் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

பவுல் கேஸ்கெட்டை உலர்ந்தபடியே வையுங்கள். அனபாண்ட் மாதிரி சிலிக்கான் பசை பெட்ரோலில் ஊறிப் பிசுபிசுத்து, துணுக்குத் துணுக்காக ஜெட்டுக்குள் போய் உட்காரும். நான்கு ஸ்க்ரூவையும் குறுக்காக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். ஏர் ஸ்க்ரூவை லேசாக முட்டும்வரை உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள்.

வண்டியில் ஏற்றும் முன் மேசையிலேயே ஒரு கசிவுச் சோதனை. கார்புரேட்டரை நேராக நிறுத்தி, சிறு பாட்டிலிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோல் விட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஓவர்ஃப்ளோ குழாயில் ஒரு சொட்டும் வரக்கூடாது. இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்றால், டேப்பைத் திறந்து வைத்த இரவில் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஓவர்ஃப்ளோ ஆன வண்டியில் ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

நீடிலின் மேல்முனையில் ஐந்து வெட்டுகள், கிளிப் நடு வெட்டில். கிளிப்பைக் கீழ் வெட்டுக்கு இறக்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கேபிள் முனையை ஸ்லைடில் மாட்டுங்கள். ஸ்லைடின் வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம், பக்கவாட்டுப் பள்ளம் பாடியின் முளையில். திருப்பிப் போட்டால் ஸ்லைடு கீழே முழுதும் இறங்காது, கிக்கரை உதைத்தவுடன் எஞ்சின் அலறும். மேல்மூடியைப் பூட்டியபின் ஆக்சிலேட்டரைத் திருகி விடுங்கள். ஸ்லைடு தரையில் விழும் டக் சத்தம் தெளிவாகக் கேட்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேபிளில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு இருக்கட்டும். ஃபிளேஞ்ச் நட்டுகளை இரண்டு பக்கமும் மாறி மாறி, அளவாக.

டியூனிங்

பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் செய்த டியூனிங் வீண். ஐடிலிங் ஸ்க்ரூவால் ஓட்டத்தைச் சற்று உயர்த்தி, ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருந்து கேளுங்கள். ஓட்டம் அதிகமாகவும் சீராகவும் இருக்கும் இடம்தான் சரியான இடம். உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும், வெளியே எடுத்தால் மெலியும். அந்த இடம் முக்கால் சுற்றுக்கும் உள்ளே இருந்தால் ஸ்லோ ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் ஸ்லோ ஜெட் பெரியது.

பிறகு ஐடிலிங்கை நிமிடத்துக்கு 1000 சுற்று வாக்கில் நிறுத்துங்கள். எண்ணி எண்ணி அடிக்கும் "டக்… டக்…" சத்தத்துக்காக மிகவும் இறக்கி வைக்கும் பழக்கம் இந்த எஞ்சினுக்கு நல்லதல்ல. ஆயில் பம்ப் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவது. வேகம் குறைந்தால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் கீழ்முனைப் பேரிங்) ஆயில் குறையும். காதுக்கு இனிமை, பேரிங்குக்கு நஞ்சு. ஐடிலில் ஓடும்போது ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ஓட்டம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப்பால் கால், அரை, முக்கால் குறி போட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கோளாறு என்று அதுவே காட்டிக்கொடுக்கும். மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட், ஏர் ஸ்க்ரூ. அங்கிருந்து கால் வரை ஸ்லைடின் வெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஆக்சிலேட்டரை விட்டபின் ஓட்டம் இறங்கத் தாமதித்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஐடிலில் ஓடவிட்டு, இன்டேக் இணைப்பின் மேல் பூவாளி போன்ற ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைத் தூவுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சூடான எஞ்சினின் மேல் பெட்ரோலோ கார்ப் கிளீனரோ தெளித்துச் சோதிக்கும் வழக்கம் தீப்பிடிக்கும் வழி. சட்டென்று திருகும்போது கார்புரேட்டர் வழியாகத் தும்மினால் கலவை மெலிந்திருக்கிறது, நீடில் கிளிப்பை ஒரு வெட்டு இறக்கிப் பாருங்கள். அரை ஆக்சிலேட்டரில் விட்டு விட்டு இழுத்து, கறும்புகை வந்தால் கெட்டி, கிளிப்பை ஏற்றுங்கள்.

மெயின் ஜெட்டுக்கு வெறிச்சோடிய சாலையில், மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அதே நொடியில் எஞ்சினை அணைத்து, உருண்டு நின்றபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பார்க்க வேண்டியது பீங்கானின் நுனியை அல்ல, அது உள்ளே முடியும் அடிப்பாகத்தை. அங்கே மெல்லிய பழுப்பு வளையம் இருந்தால் சரி. முழுதும் சுண்ணாம்பு வெள்ளை என்றால் மெலிவு, பிஸ்டனுக்கு ஆபத்து.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்த ஜெட் எண்கள் எத்தனால் இல்லாத காலத்துக்கு வகுத்தவை. வெறும் பெட்ரோலின் ஒரு பங்கை முழுதாக எரிக்க எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு 13.5 பங்கு அளவில்தான் வேண்டும். அதாவது அதே காற்றுக்குச் சுமார் எட்டு ஒன்பது சதவீதம் கூடுதல் பெட்ரோல் போக வேண்டும், பழைய ஜெட் அதைக் கொடுக்காது. பிளக் வெளுத்து, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடானால் மெயின் ஜெட்டை ஒரு படி உயர்த்தி, நீடில் கிளிப்பை ஒரு வெட்டு இறக்கி, மறுபடி பிளக்கைப் பாருங்கள். 100 எண் போட்ட வண்டிக்கு 105, போதவில்லை என்றால் 110. பழைய ரப்பர் ஓ-ரிங்குகளும் பெட்ரோல் குழாயும் இதில் உப்பி, விரிசல் விடும். விட்டான் (பெட்ரோலைத் தாங்கும் ரப்பர்) ஓ-ரிங் கிடைத்தால் அதையே போடுங்கள்.

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பவுலில் மிச்சமிருப்பதையும் வடித்துவிடுங்கள். டேங்கை விளிம்பு வரை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிருக்காது, துருவும் பிடிக்காது.